எழுபது வருஷத்தை எங்கே விட்டீர்கள்?

என் அப்பா கடலூர் முதுநகரில் தபால்காரராக இருந்தார். உப்பனாற்றைத் தோணியில் கடந்து அக்கரையில் உள்ள மீனவர் குப்பங்களுக்குக் கடிதம் கொண்டுபோவார். பள்ளி விடுமுறை நாட்களில் சில சமயம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். எண்பதுகளில் கடிதத்தைக் கையில் கொடுப்பதோடு அவர் வேலை முடியாது. பல வீடுகளில் வாசித்தும் காட்ட வேண்டும். சிங்கப்பூருக்குப் போன மகன், துபாய்க்குப் போன கணவன், நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த மகள், இவர்கள் எழுதியதையெல்லாம் முதலில் வாசிப்பவர் என் அப்பாதான்.

அதற்கு அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் யாரிடமிருந்து, யாருக்கு என்று உரக்கச் சொல்வார். பிறகு கடிதத்தைப் பிரித்து, வாய் திறக்காமல் கடைசி வரி வரை ஒருமுறை தானே வாசிப்பார். நல்ல செய்தியாக இருந்தால் நின்றபடியே வாசித்துக் காட்டுவார். கெட்ட செய்தி என்றால் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார், "தண்ணி குடுங்கம்மா" என்று கேட்பார். அதற்குள் அந்த வீட்டுக்குப் புரிந்துவிடும். ஆனால் வாசிக்கும்போது ஒரு வார்த்தையைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். "அவன் எழுதினதை அவன் எழுதினபடி வாசிக்கணும், அது என் கடிதாசி இல்ல" என்பார். ஒருமுறை மகன் இனிமேல் பணம் அனுப்ப முடியாது என்று எழுதியிருந்ததை அப்படியே வாசித்துவிட்டு வந்தார். கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று அம்மா வருத்தப்பட்டார்கள். அப்பா, "மாத்திச் சொன்னா அந்தம்மா அடுத்த மாசம் முழுக்க வாசல்ல உக்காந்து மணியார்டருக்குக் காத்துக் கெடக்கும்" என்றார்.

நான் தபால் இலாகாவுக்குப் போகவில்லை, சபை ஊழியத்துக்கு வந்தேன். ஞாயிறுதோறும் பிரசங்க மேடையில் ஏறி நிற்பதற்கு என்னைத் தயார்ப்படுத்தியது இறையியல் கல்லூரி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அன்று இரவு முழுவதும் காற்று எப்படிக் கத்தியது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்து முந்திரிக்கொல்லைகளும் பலாத் தோப்புகளும் வேரோடு விழுந்தன. மறுநாள் 31-ஆம் தேதி, எங்கள் சபையில் புத்தாண்டு இரவு ஆராதனை. நான் குருப்பட்டம் பெற்று மூன்றாவது வருஷம்.

மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தியும் இரண்டு பெட்ரோமாக்ஸும் வைத்து ஆராதனையை நடத்தினோம். வழக்கம்போல, புது வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று ஒரு வசனத்தை அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகள் வந்திருந்தன. வருஷத்துக்கு ஒரு வசனம், பின்னால் சூரிய உதயப் படம், கீழே சபையின் பெயர். பெட்டி நனைந்து அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஒவ்வொன்றாக உரித்து உரித்துக் கொடுத்தோம். அந்த வருஷத்து வசனம், வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

அழுதுகொண்டிருந்த சபைக்கு முன்னால் நின்று, இந்த வருஷத்துக்குள்ளே கர்த்தர் எல்லாவற்றையும் திருப்பித் தருவார் என்று பிரசங்கித்தேன். இழந்ததை இரட்டிப்பாக என்றுகூடச் சொன்னதாக நினைவு. ஜனங்கள் ஆமென் சொன்னார்கள். நல்ல பிரசங்கம் என்று எனக்கே தோன்றியது.

ஆராதனை முடிந்து கை கொடுக்கும் நேரத்தில் ஓர் அம்மா கடைசிவரை ஒதுங்கி நின்றார்கள். நடுவீரப்பட்டு பக்கம் ஒன்றரை ஏக்கர் முந்திரிக்கொல்லை, வரப்போரம் நாலு பலா. எல்லாம் படுத்துவிட்டது. அட்டையை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்டி, "ஐயா, நீங்க வாசிச்சது பதினொண்ணாம் வசனம். பத்தாம் வசனத்துல எழுபது வருஷம்னு போட்டிருக்கே, அதை எங்க விட்டீங்க?" என்று கேட்டார்கள்.

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அவர்கள் அடுத்துச் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. "முந்திரிக் கன்னு வச்சா காய்ப்புக்கு வர மூணு நாலு வருஷம். பலா ஏழெட்டு ஆவும். எனக்கு இப்பவே அறுபது தாண்டிப்போச்சு. இந்த வருஷமே எல்லாம் வந்துடும்னு சொல்றீங்க, அது வராதுன்னு எனக்குத் தெரியும். எழுபதுன்னு இருந்ததை அப்படியே சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன் ஐயா."

வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம். அப்பா வைத்திருந்த ஒழுங்குபடியே முதலில் யாரிடமிருந்து, யாருக்கு என்பது இருக்கிறது: எருசலேமில் இருக்கும் எரேமியாவிடமிருந்து, கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தன் தேசத்துக்குச் சிறைபிடித்துப்போன ஜனங்களுக்கு. கொண்டுபோனவர்கள் யார் என்றுகூட எழுதியிருக்கிறது. சாப்பானின் குமாரன் எலெயாசா, இல்க்கியாவின் குமாரன் கெமரியா. யூதாவின் ராஜா சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய ஆட்கள் கையில் இந்தக் கடிதமும் போகிறது. என் அப்பா செய்ததையே அந்த இரண்டு பேரும் செய்திருக்கிறார்கள்.

கடிதம் சொல்லும் முதல் காரியம், ஊர் திரும்புவீர்கள் என்பதல்ல. "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், பேரப்பிள்ளைகளைப் பெறுங்கள், அங்கே பெருகுங்கள். பிடித்துக்கொண்டுபோன பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள். அதன் பிறகு, பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்தான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிற பத்தாம் வசனம். அதன் பிறகுதான் பதினொன்றாம் வசனம். அதாவது, இந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் ஏறக்குறைய யாருமே ஊர் திரும்பப் போவதில்லை. அவர்கள் நடும் மரத்தின் நிழலில் வேறு யாரோ உட்காரப் போகிறார்கள். அப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் "அவைகள் தீமைக்கல்ல" என்கிறார் கர்த்தர். மரம் விழுந்த அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரம் வேதத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை. தோட்டம் நடுகிற வசனமே உள்ளே இருந்தது. நான் அதை வெட்டி எறிந்துவிட்டு ஒரு வரியை மட்டும் கையில் கொடுத்திருந்தேன்.

அதற்கு முந்தின அதிகாரத்தையும் அன்றிரவே வாசித்தேன். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

இருபத்தெட்டாம் அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். ஆலயத்தில், ஆசாரியர்களுக்கும் சகல ஜனங்களுக்கும் முன்னால் நின்று, பாபிலோனுக்குப் போனதெல்லாம் இரண்டு வருஷத்துக்குள்ளே திரும்பிவரும் என்கிறான். எரேமியா பேசுவதைப் போலவே "இஸ்ரவேலின் தேவனாகிய சேனைகளின் கர்த்தர் உரைக்கிறது என்னவென்றால்" என்று ஆரம்பிக்கிறான். குரலை வைத்தும் சொற்களை வைத்தும் யார் மெய், யார் பொய் என்று சபையால் கண்டுபிடிக்க முடியாது. அவனைச் சும்மா ஒரு ஏமாற்றுக்காரன் என்று தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன் அசீரியர்கள் எருசலேமைச் சூழ்ந்தபோது, பட்டணம் விழாது என்று ஏசாயா தீர்க்கதரிசி சொன்னார், விழவில்லை. அந்தப் பழைய நல்வார்த்தையை அனனியா தன் காலத்துக்கு எடுத்து வீசியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏசாயாவின் நாளில் அது சத்தியம். எரேமியாவின் நாளில் அதே பேச்சு பொய்யாகிவிட்டது. வசனத்தை எடுத்துப் பேசுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையா?

எரேமியாவின் பதிலைப் பாருங்கள். "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அதைக் கிண்டலாக வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு வருஷத்தில் முடிந்துவிட்டால் அவரைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இல்லை. பிறகு, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை அனனியா பிடுங்கி உடைக்கிறான். எரேமியா பதில் பேசாமல் தன் வழியே போகிறார். கர்த்தருடைய வார்த்தை பிறகுதான் அவருக்கு வருகிறது. கையில் பதில் இல்லாதபோது எழுந்து போய்விடும் அந்தத் தைரியத்தை நான் இன்றைக்கும் ஜெபத்தில் கேட்கிறேன். மேடையில் நிற்கிறவனுக்கு எதையாவது சொல்லி நிரப்பிவிடத்தான் கை பரபரக்கும்.

அந்த வருஷத்திலிருந்து என் வாரம் மாறியது. திங்கட்கிழமை அந்த ஞாயிறுக்கான பாடத்தை எடுத்து, அப்பா செய்ததுபோல, யாரிடமிருந்து யாருக்கு என்று முதலில் எழுதுவேன். சங்கீதமா, உவமையா, நிருபமா, சரித்திரமா என்று பார்ப்பேன். முன்னும் பின்னும் ஓர் அதிகாரம் சேர்த்து, வாய்விட்டு வாசிப்பேன். புதன்கிழமை வரை விளக்கவுரைகளைத் திறப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு. வியாழக்கிழமைதான் சபையாரை நினைப்பேன். சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வருகிற தம்பி, மகனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற டீச்சர், அரசு மருத்துவமனை செவிலியர், சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற ஐடி பிள்ளைகள். சபையாரை முதல் நாளிலேயே நினைத்துக்கொண்டு வேதத்தைத் திறந்தால், அவர்கள் கேட்க விரும்புவது மட்டுமே என் கண்ணில் படும். புயல் ராத்திரியில் எனக்கு நடந்தது அதுதான்.

ஆனால் வியாழக்கிழமையை விட்டுவிட்டாலும் அது உண்மையான பிரசங்கம் ஆகாது. எஸ்றா வேதத்தைத் திறந்த நாளைப் பற்றி நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்: "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்." வாசித்ததோடு நிற்கவில்லை. விளங்கும்வரை கூட இருந்தார்கள்.

விளங்கப்பண்ணுவது என்றால் எவ்வளவு கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதை வாலிபர் கூடுகையில் ஒரு பிள்ளை எனக்குக் கற்றுக்கொடுத்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். "ஐயா, 'சமாதானத்துக்கேது' என்றால் சமாதானம் எங்கே இருக்கிறது என்று கேள்வியா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் பாதிப் பேர் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தார்கள். ஏது என்றால் காரணம், வழி என்ற பொருள் பேச்சுத்தமிழிலிருந்து நழுவிப்போய் வெகுநாளாகிறது. நாம் ஆலயத்தில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் வெளிவந்தது. அதன் ஓசை என் எலும்பில் இருக்கிறது, அதை விட எனக்கு மனமில்லை. என்றாலும் என் எலும்பில் இருப்பது அந்தப் பிள்ளையின் எலும்பில் இல்லை. அதனால் இப்போது பாடத்தைப் பழைய நடையில் வாசித்துவிட்டு, உடனே அன்றாடத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பிரசங்கத்தைத் தொடங்குகிறேன்.

"உங்கள்பேரில்" என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, அது தமிழுக்கே உரியது. இன்றைக்கு "உங்கள்" என்றால் மரியாதைக்குரிய ஒருவர். அட்டையை வாசிக்கும் ஒவ்வொருவரும், ஆண்டவர் எனக்கென்று மரியாதையோடு சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் தேவன் ஒருவரிடம் பேசினால் "உன்" என்றுதான் வரும். "உங்கள்" என்றால் பலர். இந்த வாக்கு ஒரு முழு ஜனக்கூட்டத்துக்குக் கொடுக்கப்பட்டது. அந்த அம்மாவின் கொல்லை விழுந்தால், விழாத கொல்லைக்காரர் அந்த வாக்கின் ஒரு பங்காகக் கன்று வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதும் அதற்குள் அடங்கும்.

"சமாதானம்" என்ற சொல்லும் அப்படியே. நமக்குச் சண்டைக்குப் பிறகு வருவது சமாதானம். தாமதமாக வந்தவன் சொல்கிற சாக்குக்கும் அதே பெயர். எபிரெய மொழியில் ஷாலோம், எதிலும் குறைவில்லாத நலம். பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு நான் இங்கே நன்றி சொல்ல வேண்டும். ஏழாம் வசனத்தில் பாபிலோன் பட்டணத்துக்காகத் தேடச் சொல்லும் சமாதானமும், பதினொன்றாம் வசனத்தில் ஜனங்களுக்கு வாக்களிக்கும் சமாதானமும் மூலத்தில் ஒரே சொல். தமிழிலும் ஒரே சொல்லாக வைத்திருக்கிறார்கள். "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." இதைப் பிரசங்கித்த ஞாயிறு, கெடிலம் ஆற்றின் தண்ணீரைப் பற்றியும் சிப்காட் பக்கத்துக் காற்றைப் பற்றியும் பேசினேன். அரசியல் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பாடத்தில் பட்டணம் இருந்தது, எங்கள் பட்டணம் கடலூர், வேறு எதைப் பேசுவது?

அப்படியானால் பாபிலோனுக்கு எழுதின கடிதம் நமக்குப் பொருந்தாதா என்று ஒரு பெரியவர் கோபமாகவே கேட்டார். நல்ல கேள்வி. அந்த எழுபது வருஷத்தை என் கடனுக்கோ, என் விசாவுக்கோ நேராக ஒட்டவைக்க முடியாது என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் சொன்னபடி அந்த ஜனத்தைத் திரும்பக் கூட்டிவந்தவர் மாறாதவர். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம், ஆமென் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். ஆகவே அந்தக் கடிதம் சிலுவையின் வழியாகத்தான் என் கைக்கு வருகிறது. அந்த வழியில் வரும்போது, காத்திருப்பும் பாடும் உள்ளே இல்லாத ஒரு வாக்குத்தத்தம் இருக்க முடியாது.

2004-ல் சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினத்தில் செத்தவர்களைப் புதைத்து முடிப்பதற்குள்ளேயே இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று பிரசங்கிக்கக் கேட்டேன். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்று லூக்கா பதின்மூன்றில் இயேசு சொன்னது, அப்படிப் பிரசங்கித்தவர்களின் வேதாகமத்திலும் அச்சாகித்தான் இருந்தது.

கடினமான பாடங்கள் தாமாக வந்து நிற்க வேண்டுமானால், புத்தகத்தை வரிசையாகப் பிரசங்கிக்க வேண்டும். ஒரு தவக்காலத்துக்கு முன்பு யாக்கோபு நிருபத்தை அப்படி எடுத்தேன். நான்கு அதிகாரம் சுகமாகப் போயிற்று. ஐந்தில் நான்காம் வசனம், வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது. எங்கள் சபைக் கமிட்டியில் ஒருவர் முந்திரி உடைக்கும் கொட்டகை வைத்திருக்கிறார். அங்கே வேலை செய்யும் பெண்களில் சிலரும் எங்கள் சபைதான். முந்திரி ஓட்டு எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து உரியும், சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். நற்கருணைக்கு அவர்கள் கை நீட்டும்போது அந்த விரல்களில்தான் நான் அப்பத்தை வைக்கிறேன். சனிக்கிழமை இரவு வரை, இந்த ஒரு பத்தியைத் தாண்டி ஏழாம் வசனத்துக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். போயிருந்தால் சபையில் யாருக்கும் தெரிந்திருக்காது, எழுபது வருஷத்தைக் கேட்ட அந்த அம்மாவைத் தவிர.

வாசித்தேன். கொட்டகைக்காரரைப் பார்க்காமல், எல்லாரையும் பார்த்துத்தான் பேசினேன். வீட்டு வேலைக்காரிக்கு மாதக் கடைசியில் இழுத்தடிக்கிற நம் எல்லாருக்கும் அந்த வசனம் பேசுகிறது என்றேன். அதுவும் உண்மை. இரண்டு ஞாயிறு அவர் ஆலயத்துக்கு வரவில்லை. மூன்றாம் வாரம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பும் கேட்கவில்லை, வாதமும் செய்யவில்லை. அப்பா மாதிரி உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன். கூலியைப் பற்றி நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வசனப் படம் அனுப்புகிறவர்களிடம் எனக்குப் பகை இல்லை. என் அம்மாவே அனுப்புவார்கள். எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டையை நிறுத்தவும் இல்லை. அட்டை இல்லாமல் ஜனங்கள் புத்தாண்டைத் தொடங்க மாட்டார்கள், அது அவர்கள் பாட்டன் காலத்துப் பழக்கம். நான் கேட்டது, அந்த வசனம் உள்ள பகுதி முழுவதையும் பின்பக்கத்தில் அச்சடிக்க வேண்டும் என்பது மட்டும். அச்சகத்தார் இடம் போதாது என்றார்கள். எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம், சூரிய உதயத்தை எடுத்துவிடலாம் என்றேன். படம் இல்லாத அட்டையா என்று கமிட்டியில் ஒருமணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் படம் போயிற்று.

அந்த அட்டையை எடுத்துக்கொண்டு சென்ற ஜனவரியில் நடுவீரப்பட்டுக்குப் போனேன். அந்த முந்திரிக்கொல்லை அம்மாவுக்கு இப்போது கண்புரை. வெளியே வருவதில்லை. புயலுக்குப் பிறகு வைத்த முந்திரி நன்றாகத் தழைத்திருக்கிறது. பலாவில் இரண்டுதான் நின்றது. திண்ணையில் உட்கார்ந்தேன். அந்த வருஷத்து வசனம் வேறு, ஆனால் அவர்கள் எரேமியா இருபத்தொன்பதைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். நான் நான்காம் வசனத்திலிருந்து தொடங்கினேன்.

"மேல ரெண்டு ஆளு பேரு இருக்குமே, அதையும் வாசிங்க ஐயா."

வாசித்தேன். எலெயாசா, கெமரியா.

"அவ்ளோ தூரம் தூக்கிட்டுப் போயிருக்காங்க" என்றார்கள்.

பிறகு வீடு கட்டச் சொன்னது, தோட்டம் நடச் சொன்னது, பட்டணத்துக்காக ஜெபிக்கச் சொன்னது. பத்தாம் வசனத்துக்கு வந்ததும் நான் வாய் திறப்பதற்கு முன்பே "எழுபது" என்று அவர்களே சொன்னார்கள்.